என் தப்புதான் சார்

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனை விட்டு நான் வெளியே வந்தால், ஷேர் ஆட்டோக்கள் நிற்கிற இடத்தில் யாராவது ஒருவர் என்னைப் பார்த்துவிடுவார். வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோய், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கிக்கொண்டு, "என் தப்புதான் சார்!" என்று சல்யூட் அடிப்பார். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் 'ரொம்ப சீன் போடறான்டா' என்பார்கள். அந்த வசனம் வருகிற நாடகத்தை நாங்கள் நிறுத்தியாகிவிட்டது. வசனம் மட்டும் தொழிற்பேட்டையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை எழுதியவன் நான், மேடையில் பேசியவனும் நான், அதற்கென்று இரண்டு விரல்களைக் கொடுத்தவனும் நான்தான். அதைப் பற்றி எனக்குப் பெருமை இருந்த காலம் ஒன்று உண்டு. அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

நான் ஐ.டி.ஐ. படித்தவன். அப்பாவும் அம்மாவும் ஆரம்பாக்கம் பக்கம் கூலிக்கு நாற்று நட்டவர்கள். நான் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறியதே அவர்களுக்குப் பெரிய விஷயம். தொழிற்பேட்டையில் கார் உதிரிப் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டினேன். தகட்டை உள்ளே வைத்தால் மேலிருந்து அச்சு இறங்கி அடிக்கும். கை உள்ளே இருக்கும்போது அடித்துவிடாமல் இருக்க, முன்னால் ஒரு வெளிச்சக் கற்றை குறுக்கே ஓடும். அதைத்தான் சென்சார் என்போம். கை குறுக்கே வந்தால் மெஷின் நின்றுவிடும். நின்றதை மறுபடி ஓடவிடக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அதற்குள் உற்பத்தி குறையும். அதனால் ஷிப்டு முடிகிற சமயத்தில் டார்கெட் எட்டாது போலத் தெரிந்தால், ஷிப்ட் இன்சார்ஜ் வந்து சாவி போட்டுச் சென்சாரை அணைத்துவிடுவார். சாவி அவர் இடுப்பு பெல்ட்டில்தான் தொங்கும். மெஷின் ஓட்டுகிறவன் கைக்கு அது வரவே வராது. அப்படி அணைத்திருந்த ஒரு பொழுதில்தான் என் விரல்கள் போயின. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேடையில் ஒருநாளும் நான் இதைச் சொன்னதில்லை.

கம்பெனி என்னை அப்படியே நடுத்தெருவில் விட்டுவிடவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றுக்கொண்டார்கள். நான் கான்ட்ராக்டர் கணக்கில் இருந்த ஆள். கேஸ் கீஸ் என்று அலையாமல் இருந்தால் ஏதாவது வழி செய்கிறோம் என்று மனிதவளப் பிரிவிலிருந்து வந்த இளைஞர் என் கட்டில் பக்கத்தில் நின்று தணிந்த குரலில் சொன்னார். என்னை 'சார்' என்று வேறு கூப்பிட்டார். மெஷின் முன்னால் முழுக் கையோடு நின்ற காலத்தில் அங்கே ஒருவரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. உருகிப்போய்ச் சரி என்றேன். அவர் செய்த வழிதான் கலை மையத்து வேலை. அந்த மையத்துக்குக் கம்பெனி வருஷா வருஷம் நன்கொடை கொடுக்கும். அதில் ஒரு பகுதியை என் சம்பளத்துக்கென்று ஒதுக்கினார்கள்.

மையம் என்ற பெயர்தான் பெரிது. மூடிப்போன போல்ட்டு நட்டுக் கம்பெனியின் ஷெட் அது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் விரிசல் விட்ட இடங்களுக்கெல்லாம் கீழே பிளாஸ்டிக் வாளி வைத்திருப்போம். அதை நடத்துகிற அக்கா திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பத்துப் பெண். நாடகம் சொல்லிக்கொடுக்க ஒரு பள்ளிக்கூடத்துக்கு வந்தவர், பிள்ளைகள் சாயங்காலத்தில் பூட்டிய வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு இங்கேயே தங்கிவிட்டார். எங்கள் பக்கம் அப்பா மத்தியானம் போய் ராத்திரி திரும்புகிற பி ஷிப்டு என்றால் அம்மாவும் பி ஷிப்டாக இருப்பார். அந்தப் பிள்ளைகளுக்கு ஆட்டம், படம், மேளம், நாடகம் எல்லாம் உண்டு. காலை ஏ ஷிப்டு முடித்து வருகிற பெண்கள் சிலர் குழந்தையைக் கூட்டிப்போக வந்து, அவர்களும் கொஞ்சம் பாடிவிட்டுப் போவார்கள். கட்டணம் கிடையாது. கேட்டால் அடுத்த நாளிலிருந்து பிள்ளை வராது, அவ்வளவுதான்.

லாபநோக்கமற்ற அமைப்பு என்று பதிவு செய்திருக்கிறோம். லாபம் இல்லாமல் இருப்பதற்கு நாங்கள் தனியாகப் பாடுபட வேண்டியிருக்கவில்லை. கம்பெனிகள் கொடுக்கும், இல்லையென்று சொல்லக்கூடாது. ஆனால் போட்டோவில் தெரிகிற பொருளாகத்தான் கொடுக்கும். ஒரு கம்பெனி கீபோர்டு கொடுத்தது. இன்னொன்று தண்ணீர் ஃபில்டர் கொடுத்தது. மற்றொன்று பிள்ளைகளுக்கு டி-ஷர்ட் கொடுத்தது, முதுகு முழுக்கக் கம்பெனி பெயர். ஃபில்டர் ஓடவும் கீபோர்டு பாடவும் கரண்ட் வேண்டும். கரண்ட் பில்லுக்கு எவரும் நன்கொடை தரமாட்டார். கரண்ட் பில் பக்கத்தில் நின்றுகொண்டு எப்படிப் போட்டோ எடுப்பது? ஷெட் வாடகை, ஆட்டம் சொல்லித்தருகிற டீச்சருக்கு வண்டிச் செலவு, அறுந்துபோன மேளத் தோல், கழிவறைக்குப் பினாயில் என்று கேள்வி கேட்காமல் செலவழிக்கிற பணம் ஒன்று ஒவ்வொரு மாதமும் தேவைப்பட்டது. அது பாதுகாப்பு நாடகத்திலிருந்து வந்தது.

வருஷத்துக்கு ஒருமுறை எல்லாக் கம்பெனிகளிலும் பாதுகாப்பு வாரம் கொண்டாடுவார்கள். உறுதிமொழி, ஓவியப் போட்டி, கட்டுரைப் போட்டி, அப்புறம் கேன்டீனுக்கு எதிரே ஒரு நாடகம், அதற்கு மட்டும் பணமாகவே தருவார்கள். அக்கா முதலில் எழுதிய நாடகத்தில் ஷிப்ட் இன்சார்ஜ் உண்டு, அவர் இடுப்பில் சாவி உண்டு. என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத்தான் எழுதினார். நன்கொடை கொடுக்கிற எங்கள் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி அதைப் படித்துவிட்டு, கோபப்படவே இல்லை, டீ வரவழைத்துக் கொடுத்தார். "நல்லா இருக்கு மேடம். ஆனா கொஞ்சம் நெகட்டிவ்வா இருக்கு. தொழிலாளிகிட்டேருந்து அந்த விழிப்புணர்வு வர்ற மாதிரி மாத்திட்டீங்கன்னா, பக்கத்து கம்பெனிகளுக்கும் நானே சொல்லி வைக்கிறேன்," என்றார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். முடிவு என்னுடையது என்பதுபோலத்தான் பார்த்தார். கதை என்னுடையது அல்லவா? ஒருவேளை நான் வேண்டாம் என்று தலையை ஆட்டியிருந்தால் அவர் அந்த டீயை வைத்துவிட்டு எழுந்திருப்பார். நான்தான் முந்திக்கொண்டேன். "மாத்திக்கலாங்க்கா. நானே சென்சாரை ஆஃப் பண்ண மாதிரி வெச்சிக்கலாம். சோம்பேறிப் பையன், மேட்ச் பாக்க சீக்கிரம் ஊட்டுக்குப் போணும்னு ஆஃப் பண்றான். ஜனங்க நல்லா சிரிப்பாங்க," என்றேன். அதிகாரி என் முதுகில் தட்டினார். தட்டிக்கொடுக்கிற கைக்கு அப்போது நான் எதை வேண்டுமானாலும் மாற்றித் தந்திருப்பேன்.

சும்மா சொல்லக்கூடாது, நாடகம் நன்றாகத்தான் இருந்தது. எங்கள் ஆட்கள் கைகளைக் கோத்து நின்று பிரஸ் மெஷினாகிவிடுவார்கள். நான் இரண்டு கையிலும் கையுறை போட்டிருப்பேன், வலது கையுறையின் இரண்டு விரலில் பஞ்சு அடைத்திருக்கும். கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. தொடக்கத்தில் முன்னால் வந்து, "இது நாடகம் இல்லீங்க, என் சொந்தக் கதை" என்று சொல்வேன். அப்புறம் மெஷினோடு மல்லுக்கட்டுவேன், கடிகாரத்தைப் பார்ப்பேன், கால்சட்டைக்குள் கையை விட்டு ஒரு பெரிய சாவியை எடுப்பேன். அட்டையில் வெட்டி, ஓவிய வகுப்புப் பிள்ளைகள் வெள்ளி வர்ணம் அடித்துக் கொடுத்த சாவி. முழ நீளம் இருக்கும். அது வர வர வந்துகொண்டே இருக்கும், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அந்தச் சாவியைத் திருகிச் சென்சாரை அணைப்பேன். மெஷின் என் கையைக் கடிக்கும். எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கையுறையைக் கழற்றுவேன்.

அப்போது ஒரு அமைதி விழும். சாப்பாட்டுத் தட்டோடு நிற்கிறவர்கள்கூட மெல்லுவதை நிறுத்திவிடுவார்கள். அந்த அமைதியைக் கொஞ்சம் நீட்டிவிட்டு, அந்தக் கையாலேயே சல்யூட் அடித்து, "என் தப்புதான் சார்!" என்பேன். சிரிப்பும் கைதட்டலும் கேன்டீன் தகரத்தைத் தூக்கும். மேனேஜர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். முடிந்ததும் மனிதவளப் பிரிவு இளைஞர் எனக்குச் சால்வை போர்த்துவார். அடுத்த கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி அக்காவிடம் தேதி கேட்டுக்கொண்டிருப்பார். இன்னும் நிறையக் கம்பெனிகள் கூப்பிடட்டும் என்று நாடகத்தைப் படம் எடுத்து, மையத்தின் பெயரில் இணையத்தில் நான்தான் ஏற்றினேன். 'உண்மைச் சம்பவம், பாதிக்கப்பட்ட தொழிலாளியே நடித்தது' என்று தலைப்பும் நானே போட்டேன்.

ஒருமுறை என் மனைவியைக் கூட்டிப்போனேன். அவள் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்தபடி கேட்டாள்.

"அந்த சாவி எப்ப உன் கைக்கு வந்துச்சி?"

"நாடகம்டி அது."

"நாடகம் இல்ல, என் சொந்தக் கதைன்னு நீதானே மொதல்ல சொன்ன."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மையத்துக் கரண்ட் பில்லை உங்க அப்பனா கட்டுவான் என்று கத்தினேன். அதன்பின் அவள் நாடகத்துக்கு வரவே இல்லை. எங்கள் மகள் மட்டும் வீட்டில் ஏதாவது பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டால் இரண்டு விரலை மடக்கி எனக்குச் சல்யூட் அடிப்பாள். நானும் கட்டிப்பிடித்துக் கொஞ்சுவேன். அவள் அம்மா அடுப்பு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மையத்தில் பாய்களை உதறிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே ஒரு பெண் நின்றிருந்தாள். இருபது வயதுதான் இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. வலது கை முழுக்கக் கட்டு. பிள்ளையைச் சேர்க்க வந்த அக்காவோ சித்தியோ என்று நினைத்து உள்ளே கூப்பிட்டேன். அவள் நேராக என் கையைப் பார்த்தாள், அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள்.

"நீதானேண்ணா அந்த நாடகத்துல வர்றது?"

ஆமாம் என்று சிரித்தேன். சல்யூட் அடிப்பாளோ என்று எதிர்பார்த்தேன். அப்படித்தான் பழகியிருந்தது எனக்கு.

அவள் எங்கள் கம்பெனியில்தான் இருந்திருக்கிறாள், அதே பிரஸ் வரிசையில், கான்ட்ராக்டர் ஆளாக. வேலைக்குச் சேர்ந்த அன்றே புது ஆட்களை ஒரு அறையில் உட்காரவைத்து எங்கள் நாடகத்தை டி.வி.யில் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். பிறகு ஒருநாள், ஷிப்டு முடிகிற சமயம், இன்சார்ஜ் சென்சாரை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவளுக்கு ஆள்காட்டி விரலும், பெருவிரலில் பாதியும் போய்விட்டன.

"வண்டியில இட்டுக்கினு போறப்ப இன்சார்ஜ் கேட்டாருண்ணா, இன்னாம்மா இப்டி பண்ணிட்ட, இன்னா ஆச்சின்னு. எனுக்கு வலில ஒண்ணும் தெரில. வாய்ல அதான் வந்துச்சி. என் தப்புதான் சார்னு சொல்லிட்டேன்."

நான் பாயை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்த பாயையே திரும்பப் பிரித்து மடித்தேன்.

"அத்தயே புடிச்சிக்கினாங்கண்ணா. நானே சென்சார ஆஃப் பண்ணேனாம். வேணும்னே ஆஃப் பண்ணா நஷ்ட ஈடு கெடையாதாம். எங்கிட்ட ஏதுண்ணா சாவி? நான் அந்த சாவியத் தொட்டதுகூட இல்ல."

தொழிற்சங்கத்துத் தோழர் ஒருவர் அவளுக்காகத் திருவள்ளூர் தொழிலாளர் அலுவலகத்தில் நஷ்ட ஈடு கேட்டு மனு போட்டிருந்தார். சாவி இன்சார்ஜிடம்தான் இருக்கும் என்று அந்த வரிசையில் வேலை பார்த்த யாராவது வந்து சொல்ல வேண்டும். இப்போது உள்ளே இருப்பவர்கள் யாரும் வரமாட்டார்கள். எப்படி வருவார்கள், அவர்களுக்கும் வயிறு இருக்கிறது.

"நீ வெளிய கீறவன். உனுக்கு இன்னாண்ணா பயம்? ஒரு வார்த்த வந்து சொல்லு."

நான் வெளியே இல்லை, என் சம்பளமும் அங்கிருந்துதான் வருகிறது என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. இவளுடைய கட்டுப் போட்ட கைக்கு முன்னால் அதை எப்படிச் சொல்வது? அவளை உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தேன். இடது கையால் டம்ளரைப் பிடிக்க இன்னும் பழகவில்லை, சட்டையில் சிந்திக்கொண்டாள். அந்தப் பழக்கம் வரக் கொஞ்ச காலமாகும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். அது ஒன்றைத்தான் அன்று அவளிடம் உண்மையாகச் சொன்னேன்.

சாயங்காலம் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அந்த வருஷம்தான் கம்பெனி எங்களுக்குப் புதுக் கூரை போட்டுத்தருவதாக ஒத்துக்கொண்டிருந்தது. ஆட்கள் வந்து அளந்துகூடப் போயிருந்தார்கள். நான் போய்ச் சாட்சி சொன்னால் கூரையும் இல்லை, நன்கொடையும் இல்லை, என் சம்பளமும் இல்லை. அக்கா மேலே விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குள் ஒரு அற்பமான ஆசை, அவர் வேண்டாம் என்று சொல்லிவிடமாட்டாரா என்று. சொல்லியிருந்தால் அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

"அன்னிக்கு அந்த ரூம்ல நான் வாயைத் திறந்திருக்கணும் தம்பி. நீ சொன்னேன்னு சும்மா இருந்துட்டேன். எனக்கும் அந்தப் பணம் வேண்டியிருந்தது," என்றார். கொஞ்சம் பொறுத்து, "போயிட்டு வா. கூரையை நான் பாத்துக்கறேன்," என்றார்.

அன்றைக்கு எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. விசாரணை நாளன்று சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டேன். மனைவியிடம் எங்கே போகிறேன் என்று சொன்னபோது அவள் என் காலரைச் சரிசெய்துவிட்டாள். அவள் என்னை அப்படித் தொட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. பஸ்ஸில் போகும்போது நான் பேசப்போகிற வார்த்தைகளை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். எங்கே நிறுத்துவது, எங்கே குரலை ஏற்றுவது என்றுகூட யோசித்தேன். நடிகன் புத்தி போகுமா?

சின்ன அறை. மேஜைக்குப் பின்னால் அதிகாரி, பக்கத்தில் தட்டச்சு செய்கிற ஒரு அம்மா, வாசலோரம் ஒரு உதவியாளர். கம்பெனி பக்கம் ஒரு வக்கீலும் அந்த மனிதவளப் பிரிவு இளைஞரும் உட்கார்ந்திருந்தார்கள். இளைஞர் என்னைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு, பிறகு எதற்கு எழுந்தோம் என்பதுபோல உட்கார்ந்தார். அந்தப் பெண் எனக்கு எதிரே, சங்கத்துத் தோழர் பக்கத்தில் இருந்தாள். கட்டுப் பிரித்திருந்தது. கையைத் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள்.

நான் நன்றாகத்தான் சொன்னேன். சாவி இன்சார்ஜ் பெல்ட்டில்தான் இருக்கும், டார்கெட்டுக்காக அவர்தான் சென்சாரை அணைப்பார், என் விரலும் அப்படித்தான் போனது, எந்த ஆபரேட்டர் கைக்கும் அந்தச் சாவி வந்ததில்லை என்றேன். அதிகாரி கவனமாகக் கேட்டுக்கொண்டார். அந்த அம்மா தட்டச்சு செய்துகொண்டே என்னை இரக்கத்தோடு பார்த்தார். அந்தப் பெண்ணின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஊறியதுபோல் இருந்தது. இவ்வளவு நாள் எதற்குப் பயந்தோம், இவ்வளவுதானா உண்மை சொல்வது என்று எனக்கு இருந்தது.

வக்கீல் கோபமாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரு டேப்லெட்டை எடுத்து மேஜைமேல் சாய்த்து வைத்தார்.

"ஐயா, ஒரே ஒரு விஷயம். இது நீங்களே போட்ட வீடியோதானே?"

தலைப்பைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் ஓடவிட்டார். அதில் நான் முன்னால் வந்து, நெஞ்சில் கை வைத்து, "இது நாடகம் இல்லீங்க, என் சொந்தக் கதை" என்றேன். பிறகு கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு கால்சட்டைக்குள் கையை விட்டேன். சாவி வந்தது. வந்துகொண்டே இருந்தது.

வாசலோரம் இருந்த உதவியாளர் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். தட்டச்சு அம்மா தலையைக் குனிந்தார், தோள் குலுங்கியது. அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

"எந்த ஆபரேட்டர் கையிலயும் சாவி இருக்காதுன்னு சொல்றீங்க. இதுல உங்க கையில இருக்கே?"

"அது அட்டை சார்," என்றேன்.

இதற்கு அவர்கள் இன்னும் சிரித்தார்கள். நான் சிரிப்பு வரட்டும் என்று சொல்லவில்லை. வீடியோவில் கையுறை கழன்றது, அமைதி விழுந்தது. நான் எப்போதும்போல அதை நீட்டினேன், அது இந்த அறையிலும் நீண்டது. அப்புறம் சல்யூட்.

வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேதான் எதிரே பார்த்தேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. துப்பட்டாவுக்குள்ளிருந்து அந்தக் கை தன்னால் வெளியே வந்து வாயைப் பொத்தியது. விரல் இல்லாத இடத்தில் அவள் பல் தெரிந்தது. எத்தனையோ கேன்டீன்களில் ஆயிரம் பேரைச் சிரிக்கவைத்தவன் நான். செத்துவிடலாம் போல இருந்தது அந்தச் சிரிப்பில்தான்.

இரண்டையும் பதிவு செய்துகொள்வதாக அதிகாரி சொன்னார். நான் மேடையில் சொன்னது உண்மையா, இங்கே சொன்னது உண்மையா என்பதை யோசித்துத்தான் முடிவெடுக்க முடியும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. மனு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. வெளியே வரும்போது மனிதவளப் பிரிவு இளைஞர் என் முகத்தைப் பார்க்காமல் படி இறங்கினார். கூரையைப் பற்றிய கடிதம் பிற்பாடு மையத்துக்கு வந்தது, மிக மரியாதையான கடிதம். வாளிகள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. நாடகத்தை அக்கா அன்றோடு நிறுத்திவிட்டார். வீடியோவையும் நான் எடுத்துவிட்டேன், ஆனால் அது எடுக்கிற இடத்தில் மட்டுமா இருக்கிறது?

தோழர் அங்கேயே வேறு வேலையாகத் தங்கிவிட்டார். நானும் அந்தப் பெண்ணும் பெரியபாளையம் வந்து, எங்கள் பக்கத்துச் சின்ன ஊரான ஆரணி வழியாகக் கும்மிடிப்பூண்டி போகிற பஸ்ஸுக்கு மாறினோம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வார்த்தை தேடிக்கொண்டே வந்தேன். பஸ்ஸில் போகிறபோது அத்தனை வசனம் இருந்தது, திரும்புகிறபோது ஒன்றுகூட இல்லை. மன்னித்துக்கொள் என்று சொல்லலாம். எதற்கென்று சொல்வது? வசனம் எழுதியதற்கா, பேசியதற்கா, அவ்வளவு நன்றாகப் பேசியதற்கா?

ஆரணி தாண்டியதும் அவளே பேசினாள்.

"அண்ணா."

"சொல்லும்மா."

"உள்ள சிரிச்சிட்டேண்ணா. நீ எனுக்கோசரம் வந்துகினு, நான் போயி சிரிச்சிக்கினு இருக்கேன் பாரு." அவள் கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். "கோச்சிக்காதண்ணா. என் தப்புதான்."